கோட்டுக்கு வெளியே போன பந்தும் காலியாகக் கிடக்கும் ஒன்பதாம் நம்பரும்

மக்களே, கொஞ்ச நாளா ஆணி அதிகம். அதனால இந்தப் பதிவு டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்தது. கிரிக்கெட் பத்தி ஏதாவது இருக்கும்னு வந்தவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

2024 ஜூன் 11, ராத்திரி. தோஹாவில் கத்தாரோடு இந்தியா மோதிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். வியாசர்பாடியில் எங்க வீட்டு மொட்டை மாடியில் நானும் என் அத்தை பையனும் ஒரு மொபைலை செங்கல் மேல சாத்தி வெச்சு பார்த்துக்கிட்டிருந்தோம். ஜெயிச்சா இந்தியா மூணாவது சுற்றுக்குப் போகும். அதுவரைக்கும் ஒருமுறைகூட போனதில்லை. கத்தார் ஏற்கெனவே தேறிவிட்டதால் பெரும்பாலும் இளசுகளைத்தான் இறக்கியிருந்தது. 37-வது நிமிஷம் சாங்டே கோல் போட்டார். அத்தை பையன் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு அம்மா "என்னாடா அங்க?"ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு.

73-வது நிமிஷம். கத்தார் அடித்த பந்தை குர்ப்ரீத் தடுத்தார். பந்து உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போயிடுச்சு. நம்ம ஆளுங்க ஆட்டம் நின்னுடுச்சுன்னு நின்னுட்டாங்க. வெளியே கிடந்த பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துப் போட, யூசுஃப் அய்மன் அதை வலைக்குள்ள தட்டினார். தென்கொரிய நடுவர் கோல் கொடுத்துட்டார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. குர்ப்ரீத்தும் மத்தவங்களும் ஓடிப்போய்க் கெஞ்சினதெல்லாம் வேஸ்ட். 85-வது நிமிஷம் இன்னொரு கோல். 2-1. முடிஞ்சது கதை.

நான் ரெண்டு நாள் தூங்கலை. ஆபீஸில் கோட் ரிவ்யூ பண்ண உட்கார்ந்தாலும் அந்த ரீப்ளேதான் ஓடும். பந்து முழுசா கோட்டைத் தாண்டினாதான் அவுட். அது தாண்டினது மட்டுமில்லை, தாண்டிப் போய் டீயே குடிச்சிட்டு வந்துச்சு. சம்மேளனம் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் விசாரிக்கச் சொல்லி எழுதிச்சு. ஸ்கோர் என்னவோ மாறலை.

அன்னிக்கு ராத்திரி அத்தை பையன் சொன்னது வேற. நான் நடுவரை வாயில வந்தபடி திட்டிக்கிட்டிருந்தப்ப, "மச்சான், அத்த வுடு. முக்கா அவரு ஒரு கோல்ல தொங்கினு இருந்தோமே, ரெண்டாவது கோலு போட ஆளு எங்க கீறான் நம்ம கிட்ட?"ன்னான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் கணக்குப் பார்த்தேன். அதே சுற்றில் ஆப்கானிஸ்தானோடு முதல் ஆட்டம் 0-0. குவாஹாட்டியில் ரெண்டாவது ஆட்டம், நம்ம சொந்த மண், 1-2 தோல்வி. அந்த ஒரு கோலும் பெனால்டி. போட்டது தன் 150-வது சர்வதேச ஆட்டத்தில் ஆடின சுனில் சேத்ரி. ஜூன் 6 கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0, அதோட சேத்ரி ஓய்வு. அந்த வருஷ ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூணு பேர்கிட்டயும் தோல்வி, நம்ம பக்கம் ஒரு கோல்கூட இல்லை. தோஹாவில் ஜெயிச்சிருந்தா நமக்கு 8 புள்ளி, குவைத்துக்கு 7. குவாஹாட்டியில் ஆப்கானை ஜெயிச்சிருந்தா, அந்தத் திருட்டு கோலையும் தாண்டி 8 வந்திருக்கும். நடுவர் நம்மகிட்ட இருந்து பிடுங்கினது நிஜம். ஆனா அவர் கைக்கு எட்டுற தூரத்தில் நம்ம பர்ஸை வெச்சது நாமதான்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்தியாவின் பயிற்சியாளர் ஹைதராபாத்காரர் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2. அடுத்து தாய்லாந்தை 4-1 ஜெயிச்ச ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைஞ்சு தையல். பின்னால் நின்னு எதிராளியோடு முட்டி மோதி ஆடுற நிலைமை இல்லை. வேற யாரா இருந்தாலும் பெஞ்சில் உட்கார வெச்சிருப்பாங்க. ரஹீம் என்ன பண்ணார் தெரியுமா? அரையிறுதியில் ஜர்னைலைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டா நிறுத்தினார். கல்லூரி நாட்களில் அவர் முன்வரிசையில் ஆடினது ரஹீமுக்குத் தெரியும். தென் வியட்நாமை 3-2 ஜெயிச்ச அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல். இறுதி ஆட்டம் செப்டம்பர் 4, மறுபடி தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டிச்சிருந்தார். அதனால மொத்த மைதானமும் நம்ம ஆளுங்களுக்கு எதிரா ஊளை விட்டுது. பி.கே.பானர்ஜி ஒண்ணு, தலையில் கட்டோட ஜர்னைல் ஒண்ணு. 2-1, தங்கம். இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் கடைசியா வாங்கின தங்கம் அதுதான்.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலில் கிடந்துட்டு எழுந்து வந்தவர். ராணுவத்தில், நம்ம நீலகிரி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடி டூரண்ட் கோப்பை வாங்கினவர். அவர் ஆட ஆரம்பிச்சது சென்டர் ஃபார்வர்டா! கோல்கீப்பர் முன்னாடி ஃபார்வர்டு, ஃபார்வர்டு நேத்துவரைக்கும் டிஃபெண்டர். யார்கிட்ட என்ன சரக்கு இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் மேல இருந்தா இல்லாத இடத்தையும் நிரப்பிடலாம்.

அந்த ரஹீம் புற்றுநோயில் இறந்தது 1963-ல். தேதி, ஜூன் 11. தோஹா ஆட்டம் நடந்த அதே தேதி. இதை நான் கண்டுபிடிச்சப்ப ராத்திரி ஒரு மணி, முதுகுல சிலீர்னுச்சு. (2024 ஏப்ரலில் ரஹீமைப் பத்தி 'மைதான்' படம் வந்தது, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசை. தியேட்டரில் எங்க வரிசையில் மொத்தம் நாலு பேர்.)

"அந்தக் காலம் பொற்காலம், நிர்வாகமும் தங்கம்"னு யாராவது ஆரம்பிச்சா நம்பாதீங்க. ஆட்டக்காரர்கள் தங்கம், ஒத்துக்கறேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிச்சு ஆஸ்திரேலியாவை 4-2 தோற்கடிச்சு அரையிறுதிக்குப் போன அணி. 1960 ரோம் அணியில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். அதுக்கப்புறம் நாம ஒலிம்பிக் கால்பந்து பக்கமே போகலை. ஆனா நிர்வாகம்? 1950 உலகக் கோப்பை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் விலகிட்டதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே பிரேசிலுக்கு டிக்கெட் கிடைச்சது. சம்மேளனம் போக மாட்டேன்னுட்டது. வெறுங்காலில் ஆட ஃபிஃபா அனுமதிக்கலை, அதான் போகலைன்னு ஒரு கதை இன்னிக்கும் வாட்ஸப்பில் சுத்துது. அதெல்லாம் பின்னாடி ஒட்டினது. அந்தக் காலகட்டத்தில் கேப்டனா இருந்த சைலேன் மன்னாவே அது சாக்குன்னு சொல்லியிருக்கார். உலகக் கோப்பையின் அருமை தெரியலை, ஒலிம்பிக்தான் பெரிசுன்னு நினைச்சாங்க. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 உதை வாங்கினப்புறம்தான் பூட்ஸ் கட்டாயமாச்சு.

அப்புறம் நாற்காலிக் கதை. 1988-ல் ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேல சம்மேளனத்துக்கு ரெண்டே தலைவர்கள், பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, பிரஃபுல் படேல். ரெண்டு பேரும் மத்திய மந்திரியா இருந்தவங்க. படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிஞ்சது, தேர்தல் நடக்கலை. 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகக் குழு போட்டது. ஆகஸ்டில் ஃபிஃபா, 'மூணாம் மனுஷன் தலையீடு'ன்னு இந்தியாவையே தடை பண்ணிடுச்சு. பதினோரு நாள்தான். ஆனா அந்தப் பதினோரு நாளில் தாஷ்கண்ட் வரைக்கும் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியக் கிளப் போட்டியில் ஆட முடியாம திரும்பி வந்தது. அந்தப் பொண்ணுங்க என்ன பாவம் பண்ணாங்க?

புதுத் தலைவரா வந்தவர் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே. பாய்ச்சுங் பூட்டியாவை 33-1ன்னு ஜெயிச்சார். (இந்தியாவுக்காக அத்தனை கோல் போட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு ஓட்டு.) 2023 செப்டம்பரில் ஓர் ஆங்கில நாளிதழில் இன்னொரு குண்டு வெடிச்சது. முந்தின வருஷம் தேசிய அணிப் பயிற்சியாளர் ஸ்டிமாக் வீரர்கள் பட்டியலை ஒரு ஜோசியருக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார், ஜோசியருக்குச் சம்மேளனம் பணமும் கொடுத்ததுன்னு. அதே மனுஷனுக்கு 2026 வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டிச்சாங்க. தோஹா முடிஞ்ச ஆறாம் நாள் தூக்கினாங்க. கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துப் பஞ்சாயத்தை முடிச்சாங்க. அந்தக் காசுக்கு வியாசர்பாடியில் எத்தனை மைதானத்துக்கு லைட் போடலாம்னு நான் கணக்குப் போட்டுப் பார்த்து வெறுத்துட்டேன்.

சரி, ஒன்பதாம் நம்பருக்கு வர்றேன். 2014-ல் ஆரம்பிச்ச ஐஎஸ்எல் போட்டியில் 2024-25 வரைக்கும் 11 சீசன். அதிக கோல் அடிச்சவருக்கான தங்க பூட்டை ஒரு தடவைகூட இந்தியர் வாங்கலை. அதில் மூணு பேர் நம்ம சென்னையின் எஃப்சி ஆளுங்க, எலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ். நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்தினவன்தான் நானும். கிளப்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கோல் வேணும், வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ரெடிமேடா கிடைக்கறார். உள்ளூர்ப் பையன் ஸ்ட்ரைக்கர்னா அவனை விங்குக்குத் தள்ளுவாங்க, இல்லைன்னா விங் பேக்.

என் அத்தை பையனுக்கு நடந்ததும் அதான். பதினாறு வயசு வரைக்கும் எங்க ஏரியாவில் அவனை யாராலும் நிறுத்த முடியாது. முதுகைக் காட்டி பந்தை வாங்கித் திரும்பினான்னா கோல். ஒரு அகாடமி தேர்வுக்குப் போனான். "இந்த இடத்துக்கு ஃபாரின் ஆள் எடுத்துக்குவோம்பா, நீ லெஃப்ட் பேக் ஆடு"ன்னாங்க. ஆடினான். மூணு மாசத்தில் அனுப்பிட்டாங்க. இன்னிக்கு பகலில் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்றான். அந்த ராத்திரி மொட்டை மாடியில் அவன் கேட்ட கேள்விக்கு என் கோபம் ஏன் சட்டுனு அடங்குச்சுன்னு இப்ப புரியுமே.

நடுவர்களைச் சும்மா விடச் சொல்லலை. 2023 மார்ச் 3, பெங்களூருவில் சேத்ரி வேகமா அடிச்ச ஃப்ரீகிக்கை நடுவர் கோல்னு ஒத்துக்கிட்டதும் கேரளா பிளாஸ்டர்ஸ் மொத்தமா மைதானத்தை விட்டு வெளியேறினதை மறக்க முடியுமா? அவங்களுக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. நடுவருக்கு ரீப்ளே பார்க்க ஒரு திரைகூட கிடையாது. வி.ஏ.ஆர். செலவு ஜாஸ்தியாம். நாட்டில் இத்தனை சாஃப்ட்வேர்காரன் இருந்தும் இந்தக் கொடுமை.

தோஹாவுக்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 2024 முழுக்க 11 ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. ஸ்டிமாக் இடத்துக்கு வந்த மனோலோ மார்க்கேஸ், 40 வயசு சேத்ரியை ஓய்விலிருந்து திரும்பக் கூப்பிட்டார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 ஜெயிச்சோம், அதில் ஒரு கோல் சேத்ரி. நான் கை தட்டினேன், அதே நேரம் வெக்கமாவும் இருந்தது. ஜூனில் ஹாங்காங்கிடம் கடைசி நேர பெனால்டியில் தோல்வி, மார்க்கேஸ் கிளம்பினார். ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சாங்க.

2025 அக்டோபர் 14, மட்காவ். சிங்கப்பூரோடு ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். மறுபடி சாங்டே முதல் கோல். மறுபடி எதிரணி ரெண்டு. மறுபடி 2-1, மறுபடி வெளியே. இந்தத் தடவை பந்து எந்தக் கோட்டையும் தாண்டலை. சிங்கப்பூரின் ரெண்டு கோலும் சுத்தம், ரெண்டும் சாங் உய் யங். அத்தை பையனுக்கு போன் பண்ணினேன். டெலிவரியில் இருந்தான், மேட்ச் பார்க்கலை. "எவ்ளோ?"ன்னான். சொன்னேன். "யாரு போட்டா நமக்கு?"ன்னான். சொன்னேன். "விங்கருதான?"ன்னுட்டு வெச்சுட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில் அவன் எங்க தெருப் பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கறான். போன வாரம் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வயசு, கொஞ்சம் குண்டா ஒரு பையன், கோல் போஸ்டுக்கு முதுகைக் காட்டி நின்னு பந்து வாங்கப் பழகிக்கிட்டிருந்தான். பத்துல ஏழு காலை விட்டு ஓடுது. "விங்குக்குப் போறேண்ணா"ன்னு கெஞ்சினான். "நடுவுலயே நில்லுடா"ன்னு இவன் அதட்டினான்.

டிஸ்கி: மைதான் படம் பார்த்த அந்த நாலு பேரில் மத்த மூணு பேர் யாராவது இதைப் படிச்சா ஒரு ஹலோ சொல்லுங்கப்பு.