பழைய குடும்ப வீடியோவில் சீப்புக் கோடுகள்: ஏன் வருகின்றன, எப்படி நீக்குவது?

ஜெலுத்தோங்கில் உங்க தாத்தா வீட்டு அலமாரியில் பழைய கேம்கார்டர் கேசட்டுகள் இருக்கலாம். தண்ணீர்மலைத் தைப்பூசம், அத்தையின் கல்யாணம் என்று எல்லாமே அதில் இருக்கும். கணினிக்கு மாற்றிப் பார்த்தால், ஆடும் காவடியின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். உடனே "டேப் கெட்டுப் போச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தக் கோடுகளுக்குக் காரணம் வேறு.

கோடுகள் ஏன் வருகின்றன?

மலேசியாவின் அனலாக் தொலைக்காட்சி, பால் முறையில் இயங்கியது. இங்கு விற்ற கேம்கார்டர்களும் அதே முறைதான். ஒரு படத்தில் 576 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பதிவாகும்: ஒரு பாதியில் ஒற்றைப்படைக் கோடுகள், மறுபாதியில் இரட்டைப்படைக் கோடுகள். இந்தப் பாதிக்கு ஃபீல்டு என்று பெயர். இந்த முறைதான் இன்டர்லேஸ்.

இரு பாதிகளுக்கும் இடையே வினாடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் கழிகிறது. அதற்குள் காவடி கொஞ்சம் நகர்ந்துவிடும். பழைய டியூப் டிவி இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் கண்ணுக்கு அசைவு இயல்பாகத் தெரிந்தது. இன்றைய திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அதனால்தான் அசையாத சுவரில் கோடு இல்லை, அசையும் ஆளிடம் மட்டும் இருக்கிறது.

நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-உடன் நின்றது. டேப்பில் இருப்பது மட்டும் மாறவில்லை.

எக்ஸ்போர்ட் செய்யும்போது

1. முதலில் டிஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். வரிசை மாறினால் இரு பாதிகளும் ஒன்றோடொன்று கலந்து நிழல் போலப் படிந்துவிடும். அதைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

2. எந்தப் பாதி முதலில் என்று பாருங்கள். டிஜிட்டல் கேம்கார்டர் கேசட்டுகளில் வழக்கமாகக் கீழ் ஃபீல்டு முதலில் வரும். 1080 கோடு ஹெச்டி இன்டர்லேஸ் வீடியோவில் மேல் ஃபீல்டு. தப்பாக வைத்தால் ஆள் முன்னும் பின்னும் துள்ளுவார்.

3. வினாடிக்கு 50 படங்களாக எடுங்கள். 25 என்று வைத்தால் பதிவான அசைவில் பாதி போய்விடும். 30 என்று வைத்தால் படம் திக்கித் திக்கி ஓடும். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில், டிஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' முறையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் வேகத்தை 50 ஆக்குங்கள்.

4. 4:3 வடிவத்தை இழுத்து அகலமாக்காதீங்க. முகம் உப்பிவிடும்.

யூடியூப்பில் ஏற்றுவதாக இருந்தாலும் இதையெல்லாம் முடித்த பிறகே ஏற்றுங்கள். இன்டர்லேஸ் வீடியோவை முன்கூட்டியே டிஇன்டர்லேஸ் செய்யும்படி அந்தத் தளமே சொல்கிறது.

சரியாக வந்ததா?

முழு வீடியோவையும் மாற்றும் முன், வேகமான அசைவு உள்ள 20 வினாடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். கோடு இல்லாமல், அசைவு ஒரே திசையில் சீராகப் போனால் வேலை முடிந்தது.

மூலக் கோப்பை அழிக்காதீங்க

கேசட்டிலிருந்து எடுத்த இன்டர்லேஸ் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் சேமியுங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கருவிகளும் குறைந்து வருகின்றன. மூலம் கையில் இருந்தால் நாளை இன்னும் நல்ல மென்பொருளில் மறுபடி மாற்றலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட சுருக்கிய பிரதி மட்டும் மிஞ்சினால், பாட்டியின் முகத்தில் விழுந்த கோடுகள் அப்படியே நின்றுவிடும்.