புள்ளியில்லா ஓலையும் முக்காற்புள்ளியும்

செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே எழும் சிறு குன்று பனமலை. வடமொழியில் தாளகிரி, தாளம் என்றால் பனை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், சிவனின் ஆடலைப் பார்த்து நிற்கும் உமையின் ஓவியம் மங்கிய நிலையில் இன்றும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஓவியத்துக்காகத்தான் வருகிறார்கள். இந்தக் கட்டுரையோ குன்றுக்குப் பெயர் தந்த பனையிலிருந்து தொடங்குகிறது.

தமிழர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எழுதியது பனையோலையில். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் மெய்யெழுத்துக்கும் புள்ளி வைக்காமல், குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி வைக்காமல் எழுதிப் போனார்கள். விளைவு, 'ஏரி'யும் 'எரி'யும் ஓலையில் ஒரே தோற்றம். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் நெருப்பு. எது எது என்று படிப்பவர்தான் இடமறிந்து தேற வேண்டும். எகர ஏகாரக் குழப்பத்தை வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டில் தீர்த்தது. அதுவரை படியெடுத்தவர்களின் கண்ணும் காதும்தான் காவல்.

ஒருவர் மூல ஏட்டை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் புதுப் படியை வரி வரியாகப் பார்த்துவருவது ஒப்புநோக்கும் முறை. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அதன் பின்னால் இருந்தது பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்த உழைப்பு. எழுதியதை வழங்குவதற்கு முன், எழுதாத ஒரு கண் அதைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் நமக்குப் பழையது.

கணினித் தொழில் அதே வழக்கத்துக்கு வந்தது 1978 வாக்கில். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர், சி மொழி நிரல்களை ஓட்டிப் பார்க்காமலேயே வாசித்துச் சந்தேகமான இடங்களைச் சொல்லும் ஒரு கருவியை எழுதினார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லின்ட்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். துணி கிழிந்திருக்காது, ஆனாலும் தட்டிவிட வேண்டிய துகள் இருக்கும். அன்றிலிருந்து இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் லின்டர் என்றே பெயர்.

லின்டருக்குப் பின்னாளில் புதிய வேலையும் வந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்ற பொறியாளர், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு மென்பொருளை, அதற்கு வேண்டிய அத்தனை துணைப் பொருள்களோடும் ஒரே கன்டெய்னரில் அடைத்துவிட்டால், அது எந்தக் கணினியில் இறங்கினாலும் ஒரேமாதிரி ஓடும். அந்தக் கன்டெய்னரின் படிமத்தை எப்படிக் கட்டுவது என்று வரி வரியாகச் சொல்லும் சமையல் குறிப்புதான் டாக்கர்ஃபைல். எந்த அடிப்படைப் படிமத்தில் தொடங்குவது, எந்தக் கட்டளையை ஓட்டுவது, எந்தக் கோப்பைப் படியெடுத்து வைப்பது என்று பத்துப் பதினைந்து வரிகள். பார்க்க எளிது. எளிதாகத் தெரிவதில்தான் பிழை ஒளிந்துகொள்ளும்.

அடிப்படைப் படிமத்தின் பதிப்பு எண்ணைக் குறிக்காமல் 'லேட்டஸ்ட்' என்று விட்டால், இன்று கட்டியதும் ஆறு மாதம் கழித்துக் கட்டியதும் வேறு வேறு பொருளாகிவிடும், இதுவும் பாடபேதம்தான். கடைசி வரை நிர்வாகி அதிகாரத்திலேயே ஓடவிட்டால், உள்ளே புகுந்தவருக்கும் அதே அதிகாரம் கிடைக்கும். இவற்றைக் கண்டு சொல்வதற்காக லூகாஸ் மார்ட்டினெல்லி தொடங்கிய திறமூலக் கருவி ஹேடோலின்ட். டாக்கர்ஃபைலை வாசித்து, எந்த வரியில் எந்த விதி மீறப்பட்டது என்று எண்ணோடு சொல்லும். கட்டளை வரிகளுக்குள், கணினிக்குக் கட்டளையிடும் ஷெல் மொழி வருமானால், அந்தப் பகுதியை விதார் ஹோலன் 2012இல் தொடங்கிய ஷெல்செக் என்ற ஷெல் லின்டரின் விதிகளைக் கொண்டு சோதிக்கும்.

ஷெல்லில்தான் ஓலைக்காலத்துச் சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. ஒரு மாறியைச் சுற்றி மேற்கோள் குறி போட மறந்தால் ஒரு கோப்பின் பெயர் இரண்டு பெயராகப் பிளந்துவிடும். அதைவிட மோசமானது மாறி வெறுமையாக இருப்பது. 'இந்தக் கோப்புறைக்குள் இருப்பதை எல்லாம் அழி' என்ற கட்டளையில் கோப்புறையின் பெயர் வெறுமையாகிப்போனால், கட்டளை 'எல்லாவற்றையும் அழி' என்று மாறிவிடும். 2015 ஜனவரியில், உலகெங்கும் பலர் பயன்படுத்தும் ஒரு கணினி விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதுதான் நடந்தது; பயனர்களின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. அந்த வரியின் அருகிலேயே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் நிரலர் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பயந்த கை எழுதிவிட்டது. ஒப்புநோக்க இன்னொரு கண் இல்லாமல் போயிற்று. மாறி வெறுமையாகக்கூடிய இத்தகைய அழிப்பு வரிகளுக்கென்றே ஷெல்செக்கில் இன்று தனி எச்சரிக்கை இருக்கிறது.

ஹேடோலின்ட், ஷெல்செக் இரண்டுமே ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதப்பட்டவை. அதற்குக் காரணம் உண்டு. ஹாஸ்கெல் செயற்கூறு நிரலாக்க மொழி. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'உறவுகளும் சார்புகளும்' படித்தவர்களுக்கு அடிக்கருத்து புதிதல்ல, கணக்கில் சார்பு என்பதே நிரலில் செயற்கூறு: ஒரே உள்ளீடு கொடுத்தால் எப்போதும் ஒரே விடை, நடுவில் வெளியே எதையும் மாற்றுவதில்லை. அலான்சோ சர்ச் 1930களில் லாம்டா நுண்கணிதமாக வகுத்தது இதைத்தான். ஒரு டாக்கர்ஃபைலை மரம்போலக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் ஒரு விதியோடு பொருத்திப் பார்க்கும் வேலை இந்த மொழிகளுக்கு இயல்பாக வரும். ஒவ்வொரு விதியும் ஒரு சிறு சார்பு. புதிய விதியைச் சேர்த்தால் பழையது குலையாது.

ஹாஸ்கெல் ஒரு குழுவின் படைப்பு. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில், ஆளுக்கொரு மொழி வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் பொதுவான ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரால் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. அந்தக் குழுவில் எம்.ஐ.டி.யிலிருந்து ரிஷியூர் நிகில் இருந்தார். இவர் பின்னாளில் ஹாஸ்கெலின் வழிவந்த புளூஸ்பெக் என்ற வன்பொருள் வடிவமைப்பு மொழிக்காக 2003இல் தொடங்கிய நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் உருவாகி 2018இல் சில்லாக வந்த 'சக்தி' திறமூலச் செயலி அந்தப் புளூஸ்பெக்கில்தான் எழுதப்பட்டது. புளூஸ்பெக்கின் நிரல்பெயர்ப்பியும் 2020இல் திறமூலமானது. அதுவும் ஹாஸ்கெலில் எழுதியதே.

தமிழ்நாட்டில் செயற்கூறு நிரலாக்கத்தைப் பாடமாக ஊன்றியதில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாக சி.எஸ். சேஷாத்ரி தொடங்கிய அந்த நிறுவனம் 1998இல் இளநிலைப் படிப்பை ஆரம்பித்தது. இன்று சிறுசேரியில் இருக்கிறது. மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் காணொளியாக யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் கே.சி. சிவராமகிருஷ்ணன், பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 1996இல் பிறந்த ஓகேமல் என்ற செயற்கூறு மொழியைச் செயலியின் பல உள்ளகங்களில் ஒரே நேரத்தில் ஓடச்செய்த அணியின் முன்னணியில் இருந்தவர். அந்த உழைப்பின் பலனான ஓகேமல் 5 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது.

இவை எல்லாம் பெரிய நிறுவனங்களின் கதை. உண்மையில் வியக்க வேண்டியது பிளஸ் டூ பாடநூல்.

2019இல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் பைத்தானில் தொடங்கவில்லை, செயற்கூறில் தொடங்குகிறது. இடைமுகம் வேறு, செயல்படுத்தும் விதம் வேறு என்கிறது. தூய செயற்கூறு எது, வெளிநிலையைத் தொட்டுக் கலங்கும் செயற்கூறு எது என்று பிரித்துக் காட்டுகிறது. குரோம்லேண்ட் என்ற தீவின் பச்சோந்திகளை வைத்து ஒரு புதிர் போடுகிறது: வேறு வேறு நிறமுள்ள இரண்டு சந்தித்தால் இரண்டும் மூன்றாவது நிறத்துக்கு மாறும், எல்லாவற்றையும் ஒரே நிறமாக்க முடியுமா? அடுத்த பாடம் தரவு அருவமாக்கம். பல பல்கலைக்கழகங்களில் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சிந்தனை, இங்கே அரசுப் பள்ளி வகுப்பறைக்குத் தமிழிலேயே வந்திருக்கிறது. இவ்வளவு துணிச்சலான பாடம் நம்மிடம் இருப்பதைப் பேசுவோர் மிகக் குறைவு.

குறையும் உண்டு. முதல் அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகள் ஓகேமல் சாயலில் இருக்கின்றன, ஆனால் எந்த மொழியும் அல்ல. தட்டிப் பார்க்க ஒரு மென்பொருளையும் புத்தகம் கையில் தருவதில்லை. ஓட்டிப் பார்க்காத நிரல் மாணவருக்கு இரண்டு மதிப்பெண் வரையறையாகச் சுருங்கிவிடுகிறது. கருவிக்குப் பஞ்சமே இல்லாதபோது இது வருத்தம் தருகிறது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது. முத்தையா அண்ணாமலையின் எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் செயற்கூறுக்கு 'நிரல்பாகம்' என்றும், விடையைத் திருப்பித் தருவதற்குப் 'பின்கொடு' என்றும் சொல்லே இருக்கிறது. பனமலைக்குப் பக்கத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, ஊர்ப்புற மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறது.

பாடநூலுக்கும் ஓடும் நிரலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முதல் அத்தியாயத்தின் அடுக்கு காணும் செயற்கூறு போதும். 'லெட் ரெக் பவ் ஏ பி' என்று தொடங்கும் அந்த வரியில், சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி நிற்கிறது. ஓகேமலுக்கு அங்கே சமக்குறி மட்டும் போதும். ஓலையில் எழுதியவர் வைக்காத புள்ளியைப் படித்தவர் மனத்தில் வைத்துக்கொண்டார். இங்கே அச்சில் கூடுதலாக இருக்கும் புள்ளியை மாணவர் எடுத்துவிட்டால் மீதி வரி அப்படியே ஓடும். கடைசியில் இரட்டை அரைப்புள்ளி தட்டி என்டர் அழுத்தியதும் ஓகேமல் பதில் சொல்கிறது: இந்தச் செயற்கூறு ஒரு முழு எண்ணை வாங்கும், இன்னொரு முழு எண்ணை வாங்கும், ஒரு முழு எண்ணைத் தரும். ஏ என்பதும் பி என்பதும் எண்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வரியை வாசித்தே தெரிந்துகொண்டது.