பானையை உடைத்தவர் எழுதிய அறிக்கை: எல். இளையபெருமாள்



எதிர்த்து நின்ற ஒருவர் ஆளுங்கட்சிக்குள் போனால் அவரை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? இன்று அரசியலுக்குள் நுழைய எண்ணும் நம் இளைஞர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பனமலையும் செஞ்சியும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இதற்கு விடை தேட ஒரு வாழ்க்கை இருக்கிறது. அது எல். இளையபெருமாளின் வாழ்க்கை.

1924இல் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். மாணவனாக இருந்த இளையபெருமாள் அந்தப் பானையை உடைத்தார். புதுப் பானை வைத்தார்கள், அதையும் உடைத்தார். கடைசியில் தனிப் பானை என்ற வழக்கமே அந்தப் பள்ளியில் ஒழிந்தது. பிறகு ஊர் ஊராகப் போய், பறையடிப்பதையும் செத்த மாட்டைத் தூக்குவதையும் நம் மக்கள் மறுக்கவேண்டும் என்று பேசினார்.

அப்படிப்பட்டவர் 1952இல் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். வயது 27. 1957, 1962 தேர்தல்களிலும் வென்றார். இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. 1932 பூனா ஒப்பந்தம் நமக்குத் தந்தது தனி வாக்காளர் தொகுதியை அல்ல, பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கீட்டு இடத்தைத்தான். அங்கே வெல்லச் சாதி இந்துக்களின் வாக்கும் வேண்டும், கட்சியின் தயவும் வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு பேசிவிட முடியும்?

இளையபெருமாள் அதற்கு ஒரு வழி கண்டார். 1965இல் தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. அவர் அதன் தலைவரானார். குழு பல மாநிலங்களுக்கும் சென்றது. கிணறு, கோயில், தேநீர்க்கடை, பள்ளி, காவல் நிலையம் எனத் தீண்டாமை எங்கெல்லாம் உயிரோடிருந்தது என்று விசாரித்துப் பதிவு செய்தது. குழுவின் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அறிக்கை 1969இல் வெளிவந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த அரசின் கையிலேயே, அது ஒழியவில்லை என்பதற்கான சாட்சியத்தை அவர் கொடுத்தார்.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் சோவியத் ஆட்சியின் கீழிருந்த உக்ரைனில் வியாசெஸ்லாவ் சோர்னோவில் என்ற பத்திரிகையாளர், சிறையில் தள்ளப்பட்ட 20 அறிவாளிகளைப் பற்றிய ஆவணங்களைத் திரட்டினார். அதற்காக 1967இல் கைதானார். 1972இல் மீண்டும் கைதானார். 1991இல் அவரே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று இரண்டாமிடம் பெற்றார். இளையபெருமாள் ஒரு ஜனநாயக அரசின் பெயரால் ஆவணம் திரட்டினார். சோர்னோவில் ஓர் அரசின் சிறையை விலையாகக் கொடுத்துத் திரட்டினார். ஆனாலும் அதிகாரம் மறைத்ததை எழுத்தில் நிறுத்துவதே இருவருக்கும் முதல் வேலையாக இருந்தது.

அந்த எழுத்து என்ன செய்தது? 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டத்தில் அபராதத்தோடு தப்பித்துவிடலாம். இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டால் வழக்கே முடிந்துவிடும். ஆண்டையிடம் கூலி வாங்கிப் பிழைக்கிறவர் எப்படிச் சமரசத்தை மறுப்பார்? இளையபெருமாள் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து அச்சட்டம் திருத்தப்பட்டு, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. சமரசத்துக்கு இடமில்லாமல் போயிற்று. குறைந்தது ஒரு மாதச் சிறையும் அபராதமும் கட்டாயமாயின. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்றாயிற்று.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. இதையொட்டித் தமிழக அரசு 1970இல் அறநிலையத்துறைச் சட்டத்தைத் திருத்தியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. ஆனால் நியமனம் ஆகமப்படியே நடக்கவேண்டும் என்று சொல்லி வாசலைப் பாதி சாத்தியது. பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலை அண்ணாந்து பார்க்கும் நமக்கு இந்தச் செய்தி தொலைவில் நடந்ததல்ல. மன்னனின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கல் சுமந்தவர்களின் பிள்ளைகள் கருவறைக்குள் போகலாமா என்பது இன்னும் வழக்காக இருக்கிறது.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? திருத்தம் வந்து இரண்டே ஆண்டில், 1978 ஜூலையில், இதே மாவட்டத்தின் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகு இளையபெருமாள் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் பொறுப்பிலும் இருந்தார். 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றார். பின்னர் அந்தக் கட்சியை விட்டு வெளியேறி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். மூத்த வயதில் ஒரு பெரிய கட்சியைத் துறந்து சிறு கட்சி தொடங்கியதை நாம் தோல்வி என்று எழுதிவிடக்கூடாது. பெரிய கட்சிக்குள் என்ன முடியும், எது முடியாது என்று கால் நூற்றாண்டுக்கு மேல் பார்த்த ஒருவரின் முடிவு அது.

ஆகவே தோழர்களே, பதவிக்குப் போனவர் நம்மவரா இல்லையா என்று சண்டையிடுவதோடு நிற்கவேண்டாம். அவர் அங்கிருந்து எதைப் பதிவு செய்தார், எந்தச் சட்டத்தின் எந்த ஓட்டையை அடைத்தார் என்று கேட்போம். நம் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் கிணற்றையும் தேநீர்க்கடையையும் சுடுகாட்டுப் பாதையையும் 1969இல் அந்தக் குழு கேட்ட கேள்விகளோடு மீண்டும் பாருங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். 2005இல் மறைந்த இளையபெருமாளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுதான்.

ஜெய்பீம்.