டயருக்கு ஏற்ற ரிம்

பாரதத்தின் எந்த நகரில் நாம் குடியேறி வாழ்ந்தாலும் நம் தெருவில் சைக்கிள் மணியோசை கேளாத நாள் இல்லை. லூதியானாவில் செய்யப்பட்டதாயினும், சென்னையை அடுத்த அம்பத்தூரில் செய்யப்பட்டதாயினும், பெரிய கறுப்புச் சைக்கிளின் டயர் ஓரத்தைக் குனிந்து நோக்கினால், 28 × 1½ என்ற எண்களைப் பெரும்பாலும் காணலாம். இவ்விரு எண்களுக்குள் ஒரு நீண்ட சரித்திரம் அடங்கியிருக்கிறது. ஓட்டுபவரின் முதுகும் மணிக்கட்டும் நோவாதிருப்பதும், சில வேளைகளில் அவர் விழாமல் தப்புவதும், டயரின் அகலமும் ரிம்மின் அகலமும் ஒன்றோடொன்று இசைவதைப் பொறுத்தன என்பதே அச்சரித்திரம் புகட்டும் பாடமாகும்.

சைக்கிள் தோன்றிய தொடக்கத்தில் அதன் சக்கரம் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு உறவாகவே இருந்தது. மரச் சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை ஓடிற்று. 1860-களில் அவ்வண்டியில் ஏறிய ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்பு குலுக்கி’ என்றே பெயரிட்டனர். பின்னர்க் கெட்டி ரப்பர் டயர் வந்தது. குலுக்கல் சிறிது தணிந்ததேயன்றி நீங்கவில்லை.

உண்மையில் இதற்கு மருந்து அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காத்லாந்துக்காரர், ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றடைத்து, அதன்மேல் தோலைப் போர்த்திச் சக்கரத்தில் பொருத்தும் முறைக்கு 1845-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்கேற்ற வண்டி அக்காலத்தில் இல்லை. ஆகவே அந்த அரிய யோசனை மறதியில் ஆழ்ந்தது.

அதனை அறியாமலே, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1887-இல் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்தார். 1888-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு அந்நகரில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்தப் பருத்த டயருடன் ஓட்டி வெற்றி கண்டார். சுகத்துக்காகப் பிறந்த பொருள் வேகத்திலும் முந்திற்று என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். தாம்ஸனின் பழைய உரிமை வெளிப்பட்டதும் டன்லப்பின் காப்புரிமை செல்லாதென்றாயிற்று. ஆயினும் டயர் நிலைத்துவிட்டது.

அந்த முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடாயிற்று. டயரை எளிதில் கழற்றி மாட்ட வேண்டுமானால் ரிம்மின் அமைப்பே மாறவேண்டும். 1890-இல் சார்லஸ் வெல்ச் என்பவர், நீளாத கம்பியை டயரின் இரு ஓரங்களிலும் வைத்து, ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் அமைத்தார். கம்பியின் ஒரு பகுதி பள்ளத்தில் இறங்கினால், எதிர்ப்பகுதி ரிம்மின் ஓரத்தைத் தாண்டி ஏறிவிடும். அதே ஆண்டில் வில்லியம் பார்ட்லெட் என்பவர், டயரின் ஓரத்தை ரிம்மின் மடிந்த விளிம்பு கவ்விப் பிடிக்கும் முறையைக் கண்டார். 1891-இல் பிரான்ஸின் மிஷலின் சகோதரர்களும் கழற்றக்கூடிய டயரை வெளியிட்டனர். அதைப் பூட்டிய ஷார்ல் தெரோன், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கொண்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் வென்றார். அன்றுமுதல் டயரும் ரிம்மும் அளவு பார்த்துச் சேர்க்கவேண்டிய இணையாயின.

ஏன் அளவு பார்க்கவேண்டும்? நம் எடையைச் சுமப்பது ரப்பரன்று, அதனுள் அடைபட்ட காற்று. அகன்ற டயரில் காற்று மிகுதியாதலின் குறைந்த அழுத்தமே போதும். கல்லிலும் குழியிலும் அது அமுங்கி அதிர்ச்சியை விழுங்கும். ஆனால் அகன்ற டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால், அது அடி சிறுத்து மேல் பருத்த மின்குமிழ் போலாகி, திருப்பங்களில் பக்கவாட்டில் நெளியும். குறுகிய டயரை அகன்ற ரிம்மில் மாட்டினாலோ, மேற்புறம் தட்டையாகி, ரிம்மின் விளிம்பே கல்லில் மோதும்.

இதனை அறிந்தும் பந்தய உலகம் நெடுங்காலம் மெலிந்த டயரையே நாடிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் 20 முதல் 23 மி.மீ. அகலமுள்ள டயரில், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் காற்றடித்து ஓட்டினர். வழவழப்பான இரும்பு உருளையில் சோதித்தபோது, அழுத்தம் கூடக் கூடத் தடை குறைந்தது. சாலையோ உருளையன்று. கரடான தளத்தில் கடினமான டயர் அதிர, அந்த அதிர்ச்சி ஓட்டுபவரின் உடலிலேயே சக்தியை வீணாக்குகிறது. பிரான்ஸின் செந்தெத்தியேன் நகரில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதி, 1930-இல் மறைந்த போல் த விவி, நெடுந்தூரப் பயணிகளுக்கு அகன்ற டயரையே பரிந்துரைத்தார். அவர் கட்சியே இறுதியில் வென்றது. இன்று பந்தய வீரர்களும் 28 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள டயர்களைப் பூட்டுகின்றனர். ரிம்களும் உடன் அகன்றுவிட்டன.

எண்களின் குழப்பமும் இச்சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். ‘28’ எனப் பெயர் தாங்கிய டயர்களுள், டயர் அமரும் இடத்து விட்டம் 622 மி.மீ. கொண்டவையும் உண்டு, 635, 642 கொண்டவையும் உண்டு. ஒன்று மற்றொன்றின் ரிம்மில் பொருந்தாது. 1964-இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பின் முறையை ஒட்டி, டயரின் அகலத்தையும் இந்த விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. நமது 28 × 1½ டயருக்கு அம்முறையில் 40-635 என்று பெயர்.

சாதாரண ரிம்களுக்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட உள்ளகலத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை அகலமுள்ள டயரைத் தேர்க. உள்ளகலம் 17 மி.மீ. ஆனால் 25.5 முதல் 34 மி.மீ. வரை தகும். அண்மைக்காலப் பந்தய ரிம்கள் இக்கணக்கைத் தாண்டி அகன்றவை; ஆதலின் அவற்றுக்குச் செய்தவர் விதிக்கும் எல்லையை மீறலாகாது. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பந்தயத்தில், விளிம்பில் கொக்கியற்ற 25 மி.மீ. உள்ளகல ரிம்மிலிருந்து 28 மி.மீ. டயர் கழன்று ஒரு வீரர் கீழே விழுந்தார். ஒரு மில்லிமீட்டர் கூடுதலா குறைவா என்ற விவாதம் அதன்பின் உலகெங்கும் எழுந்தது.

வெளியூரில் பிழைப்பை நடத்தும் நம்மவருள் பலருக்குச் சைக்கிளே இன்றும் கை கொடுக்கும் வாகனம். புதிய டயர் வாங்கும்போது பழைய டயரின் ஓரத்திலுள்ள எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பது சிறு காரியந்தான். நூற்றாண்டு கடந்த அனுபவம் அந்தச் சிறு காரியத்துக்குத் துணை நிற்கிறது.