அரை சதுர மில்லிமீட்டரை அளந்த கோல் எது?

ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு நிலத்தைக்கூட இராசராசன் காலத்தில் அளந்து இறை விதித்தார்கள் என்ற கூற்று, சோழர் வரலாறுகளில் நூறாண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கிய 1891-க்குப் பின் வேரூன்றிய வாசிப்பு இது. இறை விதித்தார்கள் என்பதை ஏற்கிறேன். அளந்தார்கள் என்பதை ஏற்க இயலவில்லை.

நிலம் அளந்த பதினாறு சாண் கோலைப் பன்னிரண்டு அடி என்று கொள்வோம். பின்னாளைய தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக வேலி 2,88,000 சதுர அடி. அதில் மேற்சொன்ன பங்கு ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரவும் இடம் போதாது. பதினோராம் நூற்றாண்டு மாவுக்கு 256 குழி என்று கொண்டாலும் ஒன்றேகால் சதுர மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

விக்கிரமங்கலத்தில், சோழர் காலத்து விக்கிரம சோழபுரத்தில், சிவன் கோயில் அதிட்டானத்தை லேசர் தூரமானியால் அளந்து பார்த்தபோதுதான் இந்த எண் என்னை உறுத்தத் தொடங்கியது. கையடக்கக் கருவியின் பிழை வரம்பே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். ஒளி பட்டுத் திரும்ப ஒரு முகம் வேண்டும். தேய்ந்து உருண்ட கல்விளிம்பில் செம்புள்ளி பாதி கல்லிலும் பாதி வெளியிலுமாக விழுகிறது. முனையில் தகடு பிடித்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட அளவுகோல்களுக்கும் இதே சிக்கல் உண்டு: முனைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து எடுப்பதா, வெளிவிளிம்பிலிருந்தா என்பதிலேயே சில மில்லிமீட்டர் போய்விடும். நட்ட கல்லிலேயே இப்படியென்றால், சேற்று வரப்பில்?

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். 320-ஐ நான்கு முறை பெருக்கி, வருவதை 5-ஆல் பெருக்கினால் அதுவே. முந்திரி என்ற பின்னம் 320-இல் ஒன்று. பின்னப் பெயரில் வரும் ஒவ்வொரு ‘கீழ்’ என்ற சொல்லும் கணக்கை இன்னொரு 320 மடங்கு கீழே இறக்கும். இன்னும் பிரித்தால் எஞ்சுவன இரண்டும் ஐந்தும் மட்டுமே. மூன்று எங்குமே இல்லை. என் வாதம் முழுவதும் இந்த இல்லாமையின் மேல்தான் நிற்கிறது. சாணுக்குப் பன்னிரண்டு விரல். பதினாறு சாண் கோலுக்கு 192 விரல். களத்தில் விரற்கடை வரை அளந்து நேராகப் பெருக்கியிருந்தால் பகுதியில் மூன்று தலைகாட்டியே தீரும். காட்டவில்லை என்றால், அந்தப் பின்னம் கோலில் பிறக்கவில்லை; கணக்கனின் ஓலையில் பிறந்தது. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும்போதும், தரத்துக்கேற்ப நிலத்தைக் குறைக்கும்போதும் பின்னம் பின்னத்தை ஈனும்.

இதற்கு இரண்டு தடைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கோலை விரலாக அன்றி அரை, கால், அரைக்கால் என்று பகுத்திருந்தால் மூன்று வராது. தரக்குறைப்பைக் காட்டும் ‘விரிவு’, ‘மடக்கு’ என்ற சொற்களோ 12, 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே தெளிவாக நிற்கின்றன; அவற்றை இராசராசன் காலத்துக்குப் பின்னோக்கி நீட்டுவது துணிச்சல்தான். ஆனால் அரைக்கால் பகுப்பாலும் அரை சதுர மில்லிமீட்டரை எட்ட முடியாது. அதற்குப் பன்னிரண்டு அடிக் கோலை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கூறாக்க வேண்டும்.

இதனால் சோழர் அளவையின் பெருமை குறைவதாக நான் எண்ணவில்லை. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு எனப் பெயர் சொல்லிக் கழித்து, மீதியை ஒரு துளியும் தள்ளாமல் எழுதிய நிர்வாகம் அது. 1802-இல் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்த நில அளவையாளர் லாம்டன், 1808-இல் தன் தியோடலைட்டை இதே பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போதுதான் அது மோதிச் சேதமடைந்தது. களத்துப் பிழை என்னவென்று அறிந்தவர் அவர். தஞ்சைக் கணக்கர்களும் அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது.

இந்தப் பின்னங்களின் காலம் பற்றிய கேள்விதான் தீரவில்லை. நில அளவை 1001-ஐ ஒட்டித் தொடங்கியது என்பது பொதுக் கருத்து. கோயில் விமானம் நிறைவு பெற்றதோ 1010-இல். இந்தப் பின்னங்கள் முந்தைய பதிவேட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவையா, ஊர்களைக் கோயிலுக்கு விட்டபோது புதிதாகக் கணக்கிடப்பட்டவையா என்பதற்கு இரு பக்கமும் இடமுண்டு. கல்வெட்டு ‘அளந்தபடி’ என்று முன்பே முடிந்த செயலாகச் சொல்வதால், முதலாவதன் பக்கம் சாய்கிறேன்.