மலைநாட்டுக் குதிரையும் அதனைப் பேணியோரும்

கண்டியிலிருந்து தெல்தெனிய ஊடாக மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த சிற்றூர் ஹுன்னஸ்கிரிய. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் சிறைப்பட்ட மெதமகாநுவரப் பகுதி இதற்கு அண்மையிலேயே உள்ளது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று இம்மலைச்சாரலில் மோதும்போது மழையும் மூடுபனியும் நாட்கணக்கில் நீடிக்கும். ஐரோப்பிய நாடுகளிற் குளிர்காலம் என்பது உறைபனியைக் குறிக்கும். இங்கோ அது ஈரத்தையே குறிக்கும். வறண்ட புல்வெளிகளுக்கு உரிய விலங்காகிய குதிரை இவ்வீரமலைகளில் எவ்வாறு பேணப்பட்டது? அதனைப் பேணியோர் யாவர்? வரலாறு அவர்களை எவ்வளவு தூரம் நினைவிற் கொண்டுள்ளது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்வழி வந்த பரிகள்

தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் குதிரை பெரும்பாலும் கடல்வழி வந்த விலங்காகும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை வணிகன் ஒருவனின் மைந்தர் என மகாவம்சம் கூறுகின்றது. குதிரை வணிகம் ஆட்சியைப் பிடிக்கும் அளவிற்குப் பொருளும் வலிமையும் தரவல்லதாக இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும். பாண்டிய மன்னனுக்குப் பரி வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையும் இவ்வணிகத்தின் பின்னணியிலேயே எழுந்தது எனலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் இவ்வணிகத்தை விரிவாகக் குறிப்பிடுகின்றனர். பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் வஸ்ஸாப் எழுதுகின்றார். ஆண்டுதோறும் இத்துணைக் குதிரைகள் தேவைப்பட்டமைக்குக் காரணம் யாது? வந்த குதிரைகள் விரைவில் மடிந்தன என்பதே இருவரும் தரும் விடையாகும். பாண்டிநாட்டார் குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் ஊட்டினர் என்றும், குதிரை வைத்தியம் அறிந்தோர் அங்கு இல்லை என்றும் போலோ கூறுகின்றார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையிற் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தனர் என்கின்றார் வஸ்ஸாப்.

குற்றச்சாட்டும் அதன் மறுபக்கமும்

இக்குறிப்புகளைச் சான்றாகக் கொண்டு, தமிழர் குதிரை வளர்க்க அறியாதவர் என்று முடிவு செய்வது எளிது. ஆயின் அம்முடிவு முழுமையானதன்று. இரு ஆசிரியரும் குதிரையை விற்ற நாடுகளின் பக்கம் நின்று கேட்டறிந்தவற்றையே பெரிதும் எழுதினர். குதிரைகள் இறந்தால் மேலும் குதிரைகளை விற்கலாம் என்பதனால், அவற்றை மருத்துவம் பார்ப்போர் இந்நாட்டிற்குச் செல்வதை வணிகர் விரும்பவில்லை எனப் போலோவே குறிப்பிடுவதும் நோக்கற்பாலது. அறிவின்மை என்று சொல்லப்பட்டதன் ஒரு பகுதி, அறிவு வராமல் தடுக்கப்பட்டதன் விளைவாகவும் இருக்கக்கூடும்.

உணவு பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு. குதிரையின் குடல் புல்லுக்கென அமைந்தது. மாச்சத்து மிகுந்த உணவு அளவு கடந்தால் வயிற்றுநோவும் குளம்பழற்சியும் தோன்றும். நாட்கணக்கில் முளையிற் கட்டப்பட்ட குதிரைக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். ஆனால் உணவு மட்டுமே காரணமன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் குதிரைகளின் பின்னங்கால்களும் இடுப்பும் வலுவிழக்கும் நோய் ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. அதனைக் ‘கும்ரி’ என்பர். மாட்டின் உடலிற் பெருந்தீங்கு செய்யாது வாழும் நூற்புழு ஒன்றின் குடம்பிகள், நுளம்பு வழியாகக் குதிரையின் உடலிற் புகுந்து முண்ணாணைத் தாக்குவதே இதற்குக் காரணம் என்பதை 1952ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆய்வுகள் விளக்கின. மாடும் நுளம்பும் நிறைந்த ஈரநாட்டிற்கு வறண்ட நாட்டுக் குதிரையைக் கொணர்ந்தபோது, எவரும் அறியாத பகை ஒன்று அதற்காகக் காத்திருந்தது. பாண்டிநாட்டுக் குதிரைகளுட் சில இந்நோயால் மடிந்திருத்தல் கூடும்.

நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திர நூல் ஓவியங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகாலிற் பேணப்பட்டுள்ளது. எனவே குதிரை பற்றிய நூலறிவு இம்மண்ணில் அறவே இல்லாதிருந்தது என்றும் கூறமுடியாது. நூலறிவு லாயத்தை எட்டியதா என்பதே வினாவாகும்.

கண்டி இராச்சியத்திற் குதிரை

மலைநாட்டை நோக்குவோமாயின் நிலைமை வேறுபடுகின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், இந்நாட்டில் இல்லாத விலங்குகளுள் ஒன்றாகக் குதிரையைக் குறிப்பிடுகின்றார். பொதுமக்களிடம் குதிரை இல்லை. மன்னனிடம் இருந்தவை பெரும்பாலும் அன்பளிப்பாக வந்தவை. ஒல்லாந்தர் தம் தூதுவர் மூலம் அனுப்பிய பரிசில்களுட் பாரசீகக் குதிரைகளும் அடங்கியிருந்தன. அரண்மனைக் குதிரைகளைக் கவனிக்க ‘அஸ்பந்திய’ எனத் தனிப்பிரிவும் இருந்தது. மலையின் சுமைகளையோ தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள் சுமந்தன. செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளுக்கும் ஈரத்திற்கும் மாடே ஏற்றது என்பதை மலைமக்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். குதிரை இங்குப் பயன்பாட்டுப் பொருளன்று; அரச மதிப்பின் சின்னம்.

ஆங்கிலேயர் காலம்

1815இன் பின் இந்நிலை மாறிற்று. கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருஞ்சாலையில் 1832இற் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இற் புகையிரதம் கண்டியை அடையும்வரை குதிரை விரைவின் அடையாளமாக விளங்கிற்று. காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டபோது ஹுன்னஸ்கிரிய, மெதமகாநுவர, ரங்கல, கெலேபொக்க முதலிய பெயர்கள் கோப்பி மாவட்டங்களின் பெயர்களாயின. கோப்பியை மாட்டுவண்டி சுமந்தது. துரையைக் குதிரையோ மட்டக்குதிரையோ சுமந்தது.

ஈரமலை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. மலைக்காட்டு அட்டைகள் குதிரையின் கணுக்கால்களிற் கொத்துக் கொத்தாகத் தொங்கி இரத்தம் குடிப்பதையும், வெறிகொண்ட குதிரைகள் அவற்றை உதறக் காலால் நிலத்தை உதைப்பதையும் எமேர்சன் ரெனன்ற் விவரித்துள்ளார். இத்தகைய மலையிற் குதிரையை மழைக்காலம் முழுதும் நலமுடன் வைத்திருப்பது ஒரு மருந்தாலோ ஒரு நாள் உழைப்பாலோ ஆவதன்று. புல் குடலில் நொதிக்கும்போதே குதிரையின் உடலுக்குச் சூடு பிறக்கின்றது. ஆதலாற் குளிரில் அதற்கு வேண்டுவது கூடுதற் கொள்ளு அன்று, கூடுதற் புல்லே. 400 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோகிராம் உலர்தீனி வேண்டும். பச்சைப்புல்லின் எடையிற் பெரும்பகுதி நீராதலால், அதனை அறுத்துக் கொடுப்பின் பன்மடங்கு வேண்டும். குளிரிற் குதிரை நீர் குறைவாகக் குடித்தால் தீனி குடலில் இறுகிவிடும். உரோமம் நனைந்தால் உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலை இழக்கும். மழைக்கு அஞ்சி லாயத்தை முற்றாக அடைத்தாற் சிறுநீரின் நெடி நுரையீரலைக் கெடுக்கும். சேற்றில் நின்ற குளம்பை நாள்தோறும் சுரண்டித் துடைக்காவிடின் அதன் அடிப்பகுதி அழுகும். ஆறு அல்லது எட்டுக் கிழமைக்கு ஒருமுறை அதனைச் சீவுதலும் வேண்டும். உணவு, நீர், காற்று, படுக்கை, குளம்பு, நடை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று பிழைத்தால் ஏனையவும் பிழைக்கும்.

பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்

இப்பணிகளைச் செய்தோர் குதிரைக்காரரும் புல்லறுப்போருமே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் இத்தொழிலில் இருந்தனர். மழையில் நனைந்து புல் அறுத்தவரும், துரையின் குதிரையோடு ஓடியவரும், அதன் காலில் ஒட்டிய அட்டையைக் களைந்தவரும் இவர்களே. இவர்களது அறிவு ஏட்டிலேறவில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கரின் நூல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். அவருடைய ஆங்கிலேயக் குதிரைக்காரர் பேர்க்ஸ் வண்டியையும் குதிரைகளையும் இறம்பொடை மலைப்பாதையில் ஏறத்தாழ 80 அடிப் பள்ளத்தில் வீழ்த்திவிட்டார். வீழ்த்தியவரின் பெயரும் அவர் எழுதிய கடிதமும் அந்நூலில் நகைச்சுவையாக இடம்பெற்று நிலைத்துவிட்டன. வண்டியைத் தூக்க அனுப்பப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரின் பெயர்தானும் அங்கு இல்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது, தூக்குதற்கு உதவாதவர் என்னும் ஏளனம் ஒன்றே.

தமிழிற் குதிரை நிற்குமிடம் ‘லாயம்’. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பு ‘லயம்’. சொற்கள் இரண்டும் வேறு. பின்னையது ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். எனினும் இவ்வொலியொற்றுமை கேட்போர் உள்ளத்தில் ஓர் உண்மையை உறுத்தாது விடுவதில்லை. குதிரைக்கு உலர்ந்த படுக்கையும் காற்றோட்டமும் இன்றியமையாதன என்று அறிந்த சமுதாயம், அதனைப் பேணியவனும் அவன் குடும்பமும் ஒழுகும் கூரையின் கீழ் ஓர் அறையில் ஒடுங்கி மார்கழி மழையைக் கழித்ததைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

முடிவுரை

பாண்டிநாட்டுத் துறைமுகம் முதல் ஹுன்னஸ்கிரியக் கோப்பித் தோட்டம் வரை நோக்குமிடத்து ஓர் ஒற்றுமை புலனாகின்றது. குதிரையின் விலை எழுதப்பட்டது. அதன் உரிமையாளர் பெயர் எழுதப்பட்டது. அது இறந்தால் பேணியவரின் அறியாமை எழுதப்பட்டது. அது உயிர்வாழ்ந்த நாட்களில் அதனை வாழவைத்த கைகள் எழுதப்படவில்லை. நுவரெலியாவிலே சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளையும், ஒல்லாந்தர் காலத்திற் குதிரை வளர்க்கப்பட்ட நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகளையும் காண்போர் அவற்றின் அழகை வியப்பர். அக்குதிரைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் அரண்மனை ஏடுகளோடு நின்றுவிடாது, தோட்டங்களின் முதியோர் நினைவுகளையும் தேடிச் செல்லவேண்டும். அந்நினைவுகள் மறையுமுன் அவற்றைத் தொகுத்தல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.