வானூர்தி வானொலிக் கருவிகளின் மின்னிணைப்பு

வானூர்தி வானொலிக் கருவிகளின் மின்னிணைப்பு என்பது வானூர்தியில் பொருத்தப்படும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மின்னாற்றல் வழங்கும் முறையையும், அதற்கான கம்பிகள், சுற்றுமுறிப்பான்கள், அலைவாங்கி வடங்கள் ஆகியவற்றை அமைக்கும் முறையையும் குறிக்கும். தரைக் கட்டுப்பாட்டு நிலையங்களுடன் பேசுவதற்குப் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்கும் வானொலிகள் பயன்படுகின்றன. கருவி சிறியதாயினும், அதனை இணைக்கும் கம்பியில் ஏற்படும் பழுது வானூர்தி முழுவதையும் இடருக்கு உள்ளாக்க வல்லது.

மின் வழங்கல்

சிறிய வானூர்திகளில் 14 வோல்ட் அல்லது 28 வோல்ட் நேர்மின்னோட்ட அமைப்பு காணப்படும். இவற்றின் மின்கலங்கள் முறையே 12, 24 வோல்ட் அளவுடையவை. பெரிய பயணிகள் வானூர்திகளில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் பரவலாகப் பயன்படுகிறது. அதிர்வெண் கூடும்போது மின்மாற்றியின் உள்ளகம் சிறிதாவதால் எடை குறைகிறது. அவற்றிலும் வானொலிகளுக்குப் பொதுவாக 28 வோல்ட் நேர்மின்னோட்டமே திருத்தி வழங்கப்படுகிறது.

புதிய கருவியைப் பொருத்துமுன் மொத்த மின்சுமை கணக்கிடப்பட வேண்டும். வானொலி கேட்கும் நிலையில் இருப்பதைக் காட்டிலும் பேசும் நிலையில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சுமையைக் காட்டும் அளவி இல்லாத வானூர்தியில், தொடர்ச்சுமை மின்னியற்றியின் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டல். 60 ஆம்பியர் மின்னியற்றிக்கு இது 48 ஆம்பியர் ஆகும்.

கம்பியும் சுற்றுமுறிப்பானும்

சுற்றுமுறிப்பான் காப்பது கம்பியையே அன்றிக் கருவியை அன்று. 20 ஆம் எண் செப்புக் கம்பிக்கு 7.5 ஆம்பியர் சுற்றுமுறிப்பான் பொருந்தும். அது அடிக்கடி விடுபடுகிறது என்பதற்காக 15 ஆம்பியர் முறிப்பானை மாட்டினால், பழுதின்போது முதலில் சூடேறுவது கம்பியே.

தொடர்ச்சுமையில் அனுமதிக்கப்படும் மின்னழுத்த இழப்பு 28 வோல்ட் அமைப்பில் 1 வோல்ட், 14 வோல்ட் அமைப்பில் 0.5 வோல்ட். அதே திறனுக்கு 14 வோல்ட் அமைப்பில் மின்னோட்டம் இருமடங்காவதால், இந்த வரம்புக்குள் நிற்கக் கம்பியின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கு தேவைப்படும்.

பழைய வானூர்திகளின் பிவிசி உறை எரியும்போது நச்சுப்புகை எழுப்பும். பாலி-இமைடு உறை எடை குறைந்தது. ஆயினும் மின்பொறி பட்ட இடத்தில் அது கரியாகி, தானே மின்கடத்தியாக மாறக்கூடியது.

ஒலிக் கம்பிகளின் கவசத்தை வழக்கமாக ஒரு முனையில் மட்டுமே நிலத்தொடுப்புச் செய்வர். இருமுனையிலும் செய்தால் இரைச்சல் புகக்கூடும். அலைவாங்கிக்கு 50 ஓம் ஓரச்சு வடம் பயன்படுகிறது. கரியிழை உடலம் கொண்ட வானூர்திகளில் உடலத்தையே மின்னோட்டம் திரும்பும் வழியாகக் கொள்ள இயலாது; தனிக் கடத்தி வேண்டும்.

சுவிஸ் ஏர் 111

1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ் ஏர் 111 ஆம் பறப்பின் எம்டி-11 வானூர்தி, கனடாவின் நோவா ஸ்கோசியாக் கடற்பகுதியில் வீழ்ந்து 229 பேரும் உயிரிழந்தனர். விமானி அறைக் கூரைக்கு மேல் மின்பொறியால் தீப்பற்றியிருக்கக் கூடும் என 2003 இல் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. பின்னர் சேர்க்கப்பட்ட பயணிகள் பொழுதுபோக்கு அமைப்பின் மின்கம்பி ஒன்றில் பொறியின் தடயம் இருந்தது. அதுவே முதற்பொறியா என்பது உறுதிசெய்யப்படவில்லை. பயணியர் அறை மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளியால் அவ்வமைப்பு துண்டிக்கப்படாதவாறு இணைக்கப்பட்டிருந்தது. இத்தகைய பொறிகளை வழக்கமான சுற்றுமுறிப்பான் எப்போதும் உணர்வதில்லை. அருகிலிருந்த வெப்பக்காப்புப் போர்வை எளிதில் தீப்பற்றியது. வீழ்வதற்குச் சுமார் ஆறு நிமிடங்களுக்கு முன்பே பறப்புப் பதிவிகள் நின்றுபோயின. வானொலித் தொடர்பும் அற்றுப்போயிற்று.

2007 இல் அமெரிக்கா வெளியிட்ட விதிகள், பெரிய வானூர்திகளின் கம்பிகளையும் இணைப்பிகளையும் தனியொரு அமைப்பாகவே கருதிச் சான்றளிக்கப் பணித்தன.